லடாக்கில் முகாம் போடப் போகும் இளம் நிலவியலாளருக்கு

யு.பி.எஸ்.சி. தேர்வில் தேறி, ஹைதராபாத்தில் பயிற்சி முடித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு வருகிற பிள்ளைகளில் சிலருக்கு வடக்கு மண்டலம் கிடைக்கிறது. அதிலும் ஓரிருவர் பெயருக்கு எதிரே லடாக் என்று விழுகிறது. அவர்கள் தமிழ்நாட்டுக்காரர்களாக இருந்தால் எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். "மேடம், எந்த ஜாக்கெட் வாங்குவது?" என்பதுதான் முதல் கேள்வி. ஜாக்கெட் லடாக்கின் தலைமை நகரான லேயிலேயே கிடைக்கும். அங்கே கிடைக்காதவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

லடாக்கின் பணிக்காலம் மற்ற இடங்களுக்குத் தலைகீழானது. சமவெளியில் மழை ஓய்ந்த பிறகு முகாம் போடுவார்கள். இங்கே ஜூனில் தொடங்கிச் செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே காகித வேலை முழுவதும் குளிர்காலத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும். மே மாதம் உட்கார்ந்து கடிதம் தட்டச்சு செய்பவர் ஜூலையில்தான் பாறையைப் பார்ப்பார்.

1:50,000 வரைபடத் தாள்களை முதலில் கேட்டு வாங்குங்கள். எல்லையை ஒட்டிய தாள்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. உங்கள் கையெழுத்தில்தான் வெளியே வரும், உங்கள் கையெழுத்தில்தான் திரும்பப் போக வேண்டும். அவற்றைக் கைபேசியில் படம் பிடித்துக் குழுவில் பகிர்வது பெரிய வினையில் கொண்டுபோய் விடும். பாலம், ராணுவ முகாம், சோதனைச் சாவடி ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். பாறைக்குப் பின்னால் பாலம் தெரிகிறது என்றால் கோணத்தை மாற்றுங்கள்.

மாவட்ட நிர்வாகம், காவல்துறை, வனவிலங்குத் துறை, அந்தப் பகுதி ராணுவப் பிரிவு என்று ஒவ்வோர் இடத்துக்கும் அறிமுகக் கடிதம் வேண்டும். "அரசு வேலையாகத்தான் வந்திருக்கிறோம்" என்பது மாஹே பாலத்துச் சாவடியில் நிற்கும் ஜவானுக்குப் பதிலாகாது. அவருக்கு வேண்டியது பெயர், வண்டி எண், தேதி உள்ள ஒரு தாள். அதை அவர் வாங்கி வைத்துக்கொள்வார். அதனால் நகல்களைக் கட்டாக எடுத்துப் போங்கள். லேயை விட்டு வெளியே போனால் ஜெராக்ஸ் கடையைத் தேட முடியாது. டிரைவர், சமையல்காரர், உதவியாளர்கள் பெயர்களும் அதே கடிதத்தில் இருக்கட்டும்.

பிற மாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டுப் புறப்படுங்கள். அதுவும் சிந்து நதிச் சாலையை விட்டுப் பக்கவாட்டுப் பள்ளத்தாக்கில் நுழைந்ததும் செத்துப்போகும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சாட்டிலைட் போனை எடுத்து வந்து அசத்தலாம் என்று நினைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். முகாமிலிருந்து கிளம்பும்போது எந்தப் பள்ளத்தாக்கு, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதிச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் நம்பகமான தொடர்பு.

பழைய அறிக்கைகளையும் படித்துவிடுங்கள். துறையின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் நிறையக் கிடைக்கும். 1851-இல் தொடங்கிய துறை இது. நீங்கள் போகும் பள்ளத்தாக்கில் யாராவது ஏற்கெனவே சுத்தியலோடு நடந்திருப்பார். ரிச்சர்ட் லிடெக்கர் காஷ்மீர், சம்பா பகுதிகளின் நிலவியலை 1883-இலேயே தொகுத்து வெளியிட்டுவிட்டார், செயற்கைக்கோள் படமும் வான்படமும் இல்லாத காலத்தில். அவர் வரைந்த எல்லைக்கோடுகளில் சில இன்றைக்கும் பிசகாமல் நிற்பதைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் அடக்கம் வரும்.

உயரத்தோடு வம்பு வேண்டாம்

டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் இறக்கிவிடுகிறார்கள். உடம்புக்கு அது தெரியாது. முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் செய்யாதீர்கள். அலுவலகம் போய்க் கையெழுத்துப் போடுவது, சாமான் வாங்குவது, மொட்டைமாடியிலிருந்து மலையைப் பார்த்துப் பாறையை அடையாளம் காண முயல்வது, எல்லாம் மூன்றாம் நாள். திட்ட அட்டவணையில் இந்த இரண்டு நாட்களை வெளிப்படையாகவே எழுதுங்கள். "பழகு காலம்" என்று எழுதினால் கேள்வி கேட்பவர் யாரும் இல்லை. எழுதாமல் விட்டால்தான் பயணப்படி பில் திரும்பி வரும்.

ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற நம் துறைக்காரர் 1874 ஜூனில், யார்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் முர்கோவில் இறந்துபோனார். வயது 36. உயரத்தால் வந்த நோய் என்றே கருதப்படுகிறது. ஸ்பிதியையும் லடாக்கையும் ஏற்கெனவே நடந்து அளந்த மனிதர் அவர். லேயில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அந்த ஓய்வு நாட்கள் முடிந்ததும் மெதுவாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போன தடவை எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பேசும் மூத்தவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவர்தான்.

லேயைத் தாண்டியபின், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. வெந்நீர் ஊற்றுகள் உள்ள பூகாவில் வேலை என்றால் நேராக அங்கே போய்க் கூடாரம் அடிக்காமல், சிந்து கரையில் சுமதாங்கில் ஓரிரு இரவு தங்கிப் போங்கள். பகலில் மேலே ஏறி வேலை பார்த்துவிட்டு இரவு கீழே வந்து படுப்பது நல்லது. அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டாயிற்று என்று வேகமாக ஏறலாம் என்பதில்லை.

தலைவலி வரும். அது எல்லோருக்கும் வருவது. தண்ணீர், ஓய்வு, அன்றைக்கு மேலே ஏறாமல் இருப்பது போதும். நீங்கள் பயப்பட வேண்டியவை இரண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, கூடவே வறட்டு இருமல். இது நுரையீரலில் நீர் கோப்பது. இன்னொன்று தள்ளாட்டம், பேச்சில் குழப்பம்; இது மூளை வீக்கம். சந்தேகம் வந்தால் குதிகாலும் விரல்நுனியும் ஒட்டியபடி நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே வேண்டாம். இரவு எத்தனை மணியானாலும் வண்டியைக் கிளப்பிக் கீழே இறக்குங்கள். இதற்காகவே டீசல் தொட்டி எப்போதும் பாதிக்குக் கீழே போகக் கூடாது என்பது என் முகாமில் சட்டம்.

கூடாரம் எங்கே

சமதளமாக, வழவழவென்று, பக்கத்திலேயே ஓடையோடு ஓர் இடம் கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நின்று நிலவியலாளராக யோசியுங்கள். அது பெரும்பாலும் பக்கவாட்டுப் பள்ளத்தாக்கின் வாயில் படிந்த விசிறி மேடாக இருக்கும். அந்த மேட்டை உண்டாக்கியதே சேறும் பாறையுமாக இறங்கிய வெள்ளம்தான். 2010 ஆகஸ்ட் 5 இரவு லே மீதும் பக்கத்து ஊரான சோக்லம்சர் மீதும் இறங்கியது அதே மாதிரியான வெள்ளம்; இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழையே பெய்யாத பாலைவனம் என்ற பெயர் அந்த இரவில் யாரையும் காப்பாற்றவில்லை. ஓடைப் படுகையை விட்டு உயரமான பழைய படிமேட்டில் அடியுங்கள். தண்ணீர் தூக்க நூறடி கூட நடக்க வேண்டியிருக்கும், நடக்கலாம்.

மதியத்துக்கு மேல் காற்று எழும். கூடாரத்தின் வாய் காற்றுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். முளைகளின் மேல் கல் அடுக்குங்கள். பிரஷர் குக்கர் இல்லாமல் போகவே கூடாது. பூகாவில் வெந்நீர் ஊற்று 84 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த உயரத்தில் தண்ணீரின் கொதிநிலையே அவ்வளவுதான். உங்கள் பானையிலும் அதற்கு மேல் ஏறாது. பருப்பு நாள் முழுக்க அடுப்பில் இருந்தாலும் பருப்பாகவே இருக்கும்.

பெண் அதிகாரிகள் கேட்கத் தயங்குவதை நானே சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக் கூடாரம் தனியாக வேண்டும் என்று சாமான் பட்டியலில் எழுதி வாங்குங்கள். மரமோ புதரோ இல்லாத நாடு இது. ஒதுங்க மறைவு கிடையாது. மலையேறும் நாட்களில் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இந்த உயரத்தில் அது வம்பை விலைக்கு வாங்குவது. குழுவில் இருக்கும் ஆண்களிடம் "நீங்கள் முன்னால் போங்கள், வருகிறேன்" என்று முதல் நாளே சொல்லிப் பழக்கிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இரவில் தனியே கூடாரத்தை விட்டு வெகுதூரம் போகாதீர்கள். ஓநாயை விடக் கூட்டமாகத் திரியும் நாய்கள்தான் ஆபத்து.

பாறையைத் தொட்டுப் பார்ப்பது

நம் ஊர்ப்பக்கம் பாறையைத் தேடி மண்ணையும் முள்ளையும் விலக்க வேண்டும். லடாக்கில் எல்லாம் வெட்டவெளி. ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றே கருநீலம், செம்மை, பச்சை என்று பட்டை பட்டையாகத் தெரியும். புதிதாக வருபவர்களைக் கெடுப்பது இதுதான். சாலையில் நின்றபடியே எதிர்ப்பக்கத்து மலையை வரைபடத்தில் வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். அந்த நிறத்தை நம்பாதீர்கள்.

லேயைச் சுற்றியுள்ள லடாக் பாதோலித்தின், அதாவது ஆழத்தில் உறைந்த பெரும் பாறைத்திரளின், கிரானைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடைத்தால் வெளிர் சாம்பல். வெளியே மினுங்கும் கரும்பழுப்பு. வறண்ட காற்றில் இரும்பும் மாங்கனீசும் களிமண்ணோடு கலந்து மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகிறது. தூரத்திலிருந்து அது எரிமலைப் பாறை என்றே சத்தியம் செய்யலாம். ஆகவே ஒவ்வொரு பாறை அலகையும் ஓரிடத்திலாவது உடைத்துப் புதிய முகத்தை லென்ஸில் பார்த்த பிறகே கோடு போடுங்கள். பார்த்த இடத்துக் கோடு முழுக்கோடு, ஊகித்த இடத்துக் கோடு விட்டுவிட்டுப் போகும் கோடு. இதை முதலாண்டிலேயே படித்திருப்பீர்கள், ஆனால் மாலை நாலு மணிக்குக் காற்றடிக்கும்போது கை தானாகவே முழுக்கோட்டைப் போட்டுவிடும்.

அந்தக் கரும்பூச்சுள்ள பாறாங்கல்லைச் சுத்தியலால் அடிக்கும் முன் நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். சிந்து கரையோரம் ஆல்ச்சியிலும் டோம்கரிலும் பழங்கால மனிதர்கள் இதே பூச்சைக் கொத்தி ஐபெக்ஸ் ஆடுகளையும் வேட்டைக்காரர்களையும் வரைந்திருக்கிறார்கள். ஒரு கல்லில் ஓர் ஆடு இருந்தாலும் அது நீங்கள் மாதிரியாக எடுக்க வேண்டிய கல் இல்லை. மந்திரம் செதுக்கிய மணிக்கற்சுவரிலும் அப்படியே. அழகான சிஸ்ட் பலகைகள் அங்கே அடுக்கியிருக்கும், கை துறுதுறுக்கும். சுவர் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்து கடந்துபோய்விடுங்கள்.

நீடர் பக்கம் ஓபியோலைட்டில் வேலை கிடைத்தால் கொடுத்து வைத்தவர். பழைய கடல்தரையின் அடுக்குகள், பெரிடோடைட், காப்ரோ, தலையணை போலப் புடைத்த பசால்ட், சிவப்புச் செர்ட், எல்லாம் கால்நடையாக எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெரிடோடைட் மாறி உண்டான செர்பென்டினைட்டுக்குள் காந்தக் கனிமமான மாக்னடைட் உண்டு. காம்பஸ் முள் பொய் சொல்லும். பாறைமேல் வைத்து ஓர் அளவு, நாலடி தள்ளி நின்று ஓர் அளவு எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் ஜி.பி.எஸ். கொண்டு தூரத்துச் சிகரம் ஒன்றின் திசையை வைத்துச் சரிபாருங்கள்.

சோ மொராரி ஏரிப் பக்கத்து நைஸ் என்ற உருமாறிய பாறையில் வேறு பாடம். வெளிர்ப் பாறைக்குள் கரிய உருளைகளாக, சில இடங்களில் தலையளவு, சில இடங்களில் வண்டியளவு, பாறைத் துண்டங்கள் சிக்கியிருக்கும். ஓரத்தைத் தட்டினால் ஆம்பிபோலைட் என்ற கரும்பாறை. பலர் அதோடு எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நகராதீர்கள். பெரிய சுத்தியலை எடுத்து நடுப்பகுதி வரை உடைத்து, உள்ளேயிருந்து வந்த துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதே அளவு கிரானைட்டை விடக் கனம் கூடத் தெரியும். தண்ணீர் தெளித்து லென்ஸை வைத்தால் பச்சைப் பைராக்சீனுக்குள் சிவப்புக் கார்னெட் மணிகள். அது எக்லோகைட். இந்தியக் கண்டத்தின் ஓரம் ஆசியாவுக்கு அடியில் போய் மீண்டும் மேலே வந்ததற்குச் சாட்சி. இங்கே கிடைத்த கோசைட் என்ற கனிமம் சுமார் 90 கிலோமீட்டருக்குக் குறையாத ஆழத்தில்தான் உருவாகும். ஓரம் மேலே வரும் வழியில் மாறிப்போனது, நடு மட்டும் பழைய கதையை வைத்திருக்கிறது. ஆகவே நடுவிலிருந்து ஒரு மாதிரி, ஓரத்திலிருந்து ஒன்று, சுற்றியுள்ள நைஸிலிருந்து ஒன்று. மூன்றையும் எடுத்தால்தான் அந்த இடத்துக்குப் போனதற்கு அர்த்தம்.

மாதிரி எண்ணைப் பாறையின்மேல் அழியா மையில் எழுதுங்கள், பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு வெளியே ஒரு முறை. உராய்ந்து உராய்ந்து இரண்டு அழிந்தாலும் ஒன்று மிஞ்சும். நோட்டில் பென்சில்தான், குளிரில் பேனா மை உறைந்துவிடும். ஜி.பி.எஸ். பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

ஆற்றைக் கடப்பதைப் பற்றி. காலையில் முழங்கால் அளவு ஓடும் ஓடை, வெயில் ஏறிப் பனி உருக உருக, பிற்பகலில் இடுப்பளவு வந்துவிடும், நிறமும் மாறிவிடும். காலையில் எளிதாகக் கடந்தோமே என்று மாலை இறங்காதீர்கள். அன்றைய வழியைத் திட்டமிடும்போதே திரும்பக் கடக்கத் தேவையில்லாதபடி போடுங்கள். வண்டியை அந்தக் கரையில் பாலம் உள்ள இடத்துக்கு வரச் சொல்லலாம். மாட்டிக்கொண்டால் மறுநாள் விடியும்வரை அக்கரையில் உட்காருவதுதான் வழி. அதனால் பைக்குள் எப்போதும் ஒரு தூங்குபையும் கொஞ்சம் சத்துமாவும் இருக்கட்டும்.

ஊர்க்காரர்கள்

பார்த்தவுடன் "ஜூலே". வயதான அம்மாவை அமாலே, பெரியவரை மேமேலே, உங்களை விட மூத்த ஆணை அச்சோலே என்று கூப்பிடுங்கள். கருப்பு யாக் முடிக் கூடாரங்களில் பஷ்மினா ஆடுகளோடு இருக்கும் சாங்பா மக்கள் தேநீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர். கோப்பையைக் காலி செய்தால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் நிறைத்தபடியே வைத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் குடியுங்கள்.

பிறகு கேள்வி வரும்: "இங்கே என்ன தோண்டப் போகிறீர்கள்?" மழுப்பாதீர்கள். நாங்கள் வரைபடம் போடுகிறோம், மாதிரி எடுக்கிறோம், சுரங்கம் வைப்பது எங்கள் வேலை இல்லை, ஆனால் எங்கள் அறிக்கை நிர்வாகத்துக்குப் போகும், நாளைக்கு யாராவது அதைப் பயன்படுத்தலாம். உண்மை இவ்வளவுதான், இதைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். "சும்மா பார்க்க வந்தோம்" என்றால்தான் சந்தேகம். ஊற்றுகளில் லூ என்னும் நீர்த்தெய்வங்கள் குடியிருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். ஊற்று நீரில் மாதிரி எடுப்பதாக இருந்தால் கிராமத் தலைவரான கோபாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கே பாத்திரம் கழுவக் கூடாது, எங்கே கால் வைக்கக் கூடாது என்று அவரே காட்டுவார். தண்ணீர், பாதை, வெள்ளம் வந்த ஆண்டு ஆகியவை பற்றி அவருக்குத் தெரிந்தது எந்த அறிக்கையிலும் இருக்காது.

திரும்பி வந்து எழுதும்போது

முகாமில் இருக்கும்போதே இரவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அன்றைய கோடுகளை மையில் ஏற்றிவிடுங்கள். வண்டியின் லாக் புத்தகமும் கூலியாட்களின் கணக்கும் அன்றன்றைக்கே. இதில் சுவாரசியம் எதுவும் இல்லை, தள்ளிப்போட்டால் மட்டும் வட்டியோடு திரும்பி வரும்.

கனிமம் ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் அறிக்கையில் அளவோடு எழுதுங்கள். 2023 பிப்ரவரியில் ஜம்மு பகுதி ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் என்று செய்தி வந்தபோது நாடே கொண்டாடியது நினைவிருக்கும். அது ஜி3 என்ற தொடக்கக்கட்ட ஆய்வு நிலையில் அனுமானிக்கப்பட்ட வளம். லாபத்துக்கு வெட்டியெடுக்க முடியும் என்று நிரூபிக்கப்பட்ட இருப்பு இல்லை. ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று ஒவ்வொரு படியாக இறங்கி வர ஆண்டுகள் ஆகும், ஆழ்துளைகள் ஆகும், பணமும் ஆகும். உங்கள் ஓடைமணலில் குரோமியம் கூடுதலாக வந்தால் கூடுதலாக வந்தது என்று எழுதுங்கள். அங்கே செர்பென்டினைட் இருக்கிறது, குரோமியம் வராமல் என்ன செய்யும்? அதைத் தாண்டி ஒரு சொல் சேர்த்தால் அடுத்த ஆண்டு அந்த ஒரு சொல்லை நியாயப்படுத்தவே ஒரு முகாம் போட வேண்டியிருக்கும்.

மாதிரிப் பெட்டிகளைச் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் லாரியில் ஏற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு கணவாய்களில் எப்போது பனி விழும் என்று சொல்ல முடியாது. சாலை மூடினால் உங்கள் பாறைகள் வசந்தம் வரை லேயிலேயே கிடக்கும், ஆய்வகத்தில் உங்கள் முறை போய்விடும். பெட்டிக்குள் மரத்தூளோ வைக்கோலோ அடைத்து, ஆணியடித்து, மாதிரிப் பட்டியலில் ஒரு பிரதியை உள்ளே போடுங்கள். இன்னொரு பிரதி உங்கள் கைப்பையில் விமானத்தில் வரட்டும். சுத்தியலை மட்டும் செக்-இன் பெட்டியில் வையுங்கள். லே விமான நிலையத்தில் கைப்பைச் சோதனை மற்ற ஊர்களை விடக் கறாரானது.